"குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்!"

அரசு மருத்துவமனையில் இரவு டூட்டி பார்க்கும் எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். வயிற்றுப்போக்கு என்று வருபவர்களிடம் நாங்கள் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான்.

சரி, ஓஆர்எஸ் பாக்கெட்டை எடுத்து நீட்டினால்?

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? வெறும் உப்புத் தண்ணி!"

இந்த இழை அந்த "வெறும்" என்கிற வார்த்தையைப் பற்றியது. கொஞ்சம் நீளம். ஒரு டீ குடிக்கிற நேரம் ஒதுக்கிப் படிங்க.

முதலில் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ராத்திரி பதினோரு மணி. மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பமே வந்தது. காலையிலிருந்து ஏழெட்டு தடவை வயிற்றாலை போயிருக்கிறான். இரண்டு வாந்தி. நாக்கு கொஞ்சம் வறண்டிருந்தது. ஆனால் நன்றாக விழித்துப் பார்க்கிறான், தண்ணீரைக் காட்டினால் எட்டிப் பிடிக்கிறான்.

புத்தகப்படி இவனுக்கு ஓஆர்எஸ் போதும். அதைச் சொன்னேன்.

அப்பா விடவில்லை. "புள்ள சுருண்டு கிடக்கான், பவுடர் தர்றீங்க. பாட்டில் போட முடியுமா முடியாதா? சொல்லுங்க, நாங்க பிரைவேட்டுக்குப் போய்க்கிறோம்."

வெளியே இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள். வாதாடத் தெம்பில்லை. "சிஸ்டர், ஐவி போடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

நீர் வற்றிய குழந்தையின் நரம்பு எளிதில் கிடைக்காது. இரண்டு கையிலும் குத்தி, காலிலும் குத்தி, நாலாவது குத்தில்தான் வென்ஃப்ளான் ஏறியது. அதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. பையன் அழுது அழுது இன்னும் வாடிப்போனான்.

அந்த முக்கால் மணி நேரத்தில் அவன் அம்மா ஒரு ஸ்பூனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒரு டம்ளர் ஓஆர்எஸ் உள்ளே போயிருக்கும்.

பாட்டில் சொட்ட ஆரம்பித்ததும் அப்பா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அன்று நான் செய்திருக்க வேண்டியது, ஓஆர்எஸ் எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கு இரண்டு நிமிடம் சொல்லியிருப்பது. அதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

வாங்க, குடலுக்குள்ளே போவோம்.

நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு மேலுறை உண்டு. செல் சவ்வு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அது ஒரு கொழுப்புப் படலம். ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்கு போட்டால் வரும் ஒரு பங்குக்கும் குறைவான தடிமன்.

தாளிக்கிற எண்ணெயில் உப்பைப் போட்டுப் பாருங்கள். கரையாது. சர்க்கரையும் கரையாது. செல் சவ்விலும் இதே கதைதான். ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்றவை கொழுப்பு வழியாகச் சுலபமாகப் புகுந்து போய்விடும். உப்பும் சர்க்கரையும் அப்படிப் போக முடியாது.

அவை உள்ளே போக வேண்டுமென்றால் கதவு வேண்டும். சவ்வில் ஆங்காங்கே பதிந்திருக்கும் புரதங்கள்தான் அந்தக் கதவுகள். ஒவ்வொரு கதவும் ஆள் பார்த்துத்தான் திறக்கும்.

அப்போ தண்ணீர்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தண்ணீரைப் பிடித்து இழுக்கும் பம்ப் என்று ஒன்று நம் குடலில் கிடையாது. உப்பும் சர்க்கரையும் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் தானாகப் போகும்.

ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கி உப்புப் போட்டு வைக்கிறீர்கள். மறுநாள் பார்த்தால் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது. யார் ஊற்றியது? யாரும் இல்லை. வெளியே இருக்கும் உப்பு, மாங்காய் செல்களுக்குள் இருந்த தண்ணீரை வெளியே வரவைத்துவிட்டது. சவ்வூடு பரவல் என்று பரீட்சையில் எழுதினோமே, அதுதான் இது.

நம் சிறுகுடலுக்குள் ஒரு நாளைக்குச் சுமார் 8 முதல் 9 லிட்டர் திரவம் வருகிறது. நாம் குடிப்பது அதில் 2 லிட்டர்தான். மீதி எல்லாம் எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் சுரக்கும் நீர். இவ்வளவையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தில் வெளியே போவது 100 முதல் 200 மில்லி மட்டுமே.

எப்படி உறிஞ்சுகிறது? சோடியத்தை, அதாவது உப்பின் பாதியை, உள்ளே இழுக்கிறது. தண்ணீர் பின்னாலேயே வருகிறது.

வயிற்றுப்போக்கில் இந்தக் கணக்குத் தலைகீழாகிறது. காலராவை எடுத்துக்கொள்வோம். அந்தக் கிருமியின் நஞ்சு இரண்டு வேலை செய்கிறது. சோடியத்தை உள்ளே விடும் வழக்கமான கதவு ஒன்றை அடைத்துவிடுகிறது. குளோரைடை வெளியே விடும் கதவைத் திறந்து போட்டுவிடுகிறது. உப்பு குடலுக்குள் கொட்டுகிறது, தண்ணீரும் அதன் பின்னால் கொட்டுகிறது. ஒரே நாளில் பல லிட்டர் போய் ஆளே சாகலாம்.

இப்போது அந்த நோயாளிக்கு வெறும் தண்ணீர் கொடுத்தால்? இழுக்க ஆள் இல்லை, சரியாக உறிஞ்சப்படாது. உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்தால்? கதவு அடைத்திருக்கிறது. அதுவும் பேதியாகவே போகும்.

ஆனால் காலரா நஞ்சு தொடாமல் விட்ட கதவு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் எஸ்ஜிஎல்டி1.

பேங்க் லாக்கர் தெரியும்தானே? உங்கள் சாவி ஒன்று, பேங்கின் சாவி ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். இந்தக் கதவும் அப்படித்தான். சோடியம் ஒரு சாவி, குளுக்கோஸ் இன்னொரு சாவி. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் கதவு உள்பக்கம் திரும்பும்.

உள்ளே வந்த சோடியத்தை, செல்லின் மறுபக்கத்தில் இருக்கும் ஒரு பம்ப் ரத்தம் இருக்கும் பக்கம் தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. குளுக்கோஸும் அதே பக்கம் தனிக் கதவு வழியாக வெளியேறுகிறது. சோடியம் போன பக்கம் தண்ணீர் போகிறது.

நோயாளியின் உடம்புக்குள் தண்ணீர் திரும்ப வந்துவிட்டது. ஊசி இல்லாமல்.

சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாகத்தான் உள்ளே போகின்றன என்ற கருத்தை 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் முன்வைத்தவர் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர். அந்த பம்பைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ. 1957இல் நண்டின் கால் நரம்பை வைத்துக் கண்டுபிடித்தார். நாற்பது வருடம் கழித்து, 1997இல் நோபல் பரிசு வாங்கினார்.

நண்டுக் கால் ஆராய்ச்சியால் யாருக்கு என்ன லாபம் என்று அன்று யாராவது கேட்டிருக்கலாம். பதில் 1971இல் நம் நாட்டிலேயே கிடைத்தது.

வங்கதேசப் போர் நடந்த வருடம். லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வருகிறார்கள். எல்லையோர ஊரான பங்காவ்ன் முகாமில் காலரா பரவுகிறது. மருத்துவமனையின் தரை முழுக்க நோயாளிகள். ட்ரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருக்கின்றன.

அங்கே இருந்த மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் ஒரு முடிவு எடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. இதைக் கலந்து, குழாய் வைத்த டிரம்களில் ஊற்றி வைத்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே பிடித்துப் போய் ஊட்டினார்கள். நர்ஸ் பயிற்சி இல்லை, ஊசி இல்லை.

ட்ரிப்ஸை மட்டுமே நம்பியிருந்த நாட்களில் அங்கே இறப்பு 30 சதவீதம் வரை இருந்தது. இந்தக் கரைசல் கொடுத்த பிறகு முகாமில் 3.6 சதவீதமாகக் குறைந்தது.

திரும்பவும் படியுங்கள். நூற்றில் முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் நாலு பேருக்கும் குறைவு. செய்தது நீங்கள் சொல்கிற அந்த "வெறும் உப்புத் தண்ணி".

மஹலனாபிஸ் 2022இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

இப்போது குளுக்கோஸ் பாட்டில் விஷயத்துக்கு வருவோம்.

5 சதவீத குளுக்கோஸ் பாட்டில், அரை லிட்டர். அதில் இருக்கும் சர்க்கரை எவ்வளவு தெரியுமா? 25 கிராம். ஐந்தாறு டீஸ்பூன். நீங்கள் நினைப்பது போல "சத்து" ஒன்றும் அதில் கொட்டிக் கிடக்கவில்லை. பேதியில் இழந்த சோடியமோ பொட்டாசியமோ அதில் துளியும் இல்லை. அதனால்தான் தேவைப்படும்போது நாங்கள் ஏற்றுவது குளுக்கோஸ் அல்ல, ரிங்கர் லாக்டேட் அல்லது சலைன்.

பிறகு ஏன் பாட்டில் போட்டதும் தெம்பு வருகிறது? தண்ணீரும் உப்பும் உள்ளே போனதால். அதே தண்ணீரும் உப்பும் வாய் வழியாகவும் போகும், உங்களிடம் அந்த லாக்கர் கதவு இருக்கும் வரை.

"ட்ரிப்ஸ்தான் வைத்தியம்" என்று மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? நாங்கள்தான். பாட்டில் தொங்கினால் நோயாளிக்குத் திருப்தி, வாக்குவாதம் இல்லை, சில இடங்களில் பில்லும் கூடும். அன்று ராத்திரி நான் செய்ததும் அதையேதான். அந்த அப்பா அடுத்த தடவையும் பாட்டில்தான் கேட்பார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குப் பாடம் நடத்தியது நான்.

இதைவிட எனக்குப் பயம் தருவது இன்னொன்று. இனிப்புப் பானங்கள்.

ஓஆர்எஸ்ஸில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய அளவு. எண்ணிக்கையில் சோடியமும் குளுக்கோஸும் சமமாக, 75க்கு 75 இருக்கும். கதவுக்கு இரண்டு சோடியம் வேண்டுமே என்று கேட்பீர்கள். குடலுக்குள்ளேயே ஏற்கனவே சோடியம் இருப்பதால் இந்த அளவு போதும்.

சாதாரண கூல் டிரிங்க்கில்? லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை. சோடியம் பெயருக்குத்தான்.

சாவி ஒன்று குவிந்து கிடக்கிறது, இன்னொன்று இல்லை. உறிஞ்சப்படாத சர்க்கரை குடலிலேயே தங்குகிறது. மாங்காய் ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது மாங்காய் உங்கள் குழந்தையின் குடல். செல்லில் இருக்கும் தண்ணீரும் வெளியே வரும். பேதி அதிகமாகும்.

பெயரில் ஓஆர்எஸ் என்று போட்டுக்கொண்டே இப்படிப்பட்ட இனிப்புப் பானங்கள் மெடிக்கல் ஷாப்பில் பல வருடம் விற்றன. ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் தனியாகப் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார நிறுவன அளவுப்படி இல்லாத எந்தப் பானமும் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உத்தரவு போட்டது. அதற்கு முன்பு அதை வாங்கி, நல்லது செய்வதாக நினைத்துப் பிள்ளைக்கு ஊட்டிய அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் ஊட்டியும் பேதி கூடிக்கொண்டே போய், கண் உள்ளே போன பிறகு தூக்கி வந்தார்கள்.

அதனால் வாங்கும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள். உறையில் மேலே சொன்ன அளவுகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

சரி, எப்படிக் கொடுப்பது?

பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவு. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர், 200 மில்லி பாக்கெட் என்றால் 200 மில்லி. "கெட்டியா கலந்தா சீக்கிரம் நிக்கும்" என்று ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டாதீர்கள். ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரைக்கும் போகும். பாதி பாக்கெட், கண்ணளவு வேண்டாம். பாலில், ஜூஸில் கலக்க வேண்டாம். சர்க்கரை கூடுதலாகச் சேர்க்க வேண்டாம். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

ஒவ்வொரு தடவை பேதி போன பிறகும், இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி. இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. பெரியவர்கள் வேண்டுமளவு.

"குடிச்சா வாந்தி எடுக்குறானே டாக்டர்?"

பத்து நிமிடம் விடுங்கள். பிறகு ஒவ்வொரு ஸ்பூனாக, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒன்று. மடக் மடக்கென்று குடித்தால்தான் பெரும்பாலும் வாந்தி வரும்.

"ரெண்டு பாக்கெட் குடிச்சும் பேதி நிக்கலையே?"

இது முக்கியமான கேள்வி. ஓஆர்எஸ் பேதியை நிறுத்தும் மருந்து அல்ல. போகிற தண்ணீரை ஈடு கட்டுவது. பேதி தானாக நிற்கும், அதுவரை உயிரைப் பிடித்து வைப்பதுதான் இதன் வேலை. குழந்தைகளுக்குக் கூடவே துத்தநாக மாத்திரை, ஜிங்க், 14 நாள் தருவோம். அது பேதி நாட்களைக் குறைக்கும். பேதி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

நடுராத்திரி, பாக்கெட் இல்லை என்றால்? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. டீஸ்பூன் தலை தட்டி, மட்டமாக. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீரும் நல்லது. அரிசி மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோஸாக உடையும், அதே கதவுதான் திறக்கும். நம் பாட்டிகளுக்கு எஸ்ஜிஎல்டி1 தெரியாது, கஞ்சியில் உப்புப் போடத் தெரிந்திருந்தது. இளநீர் கொடுக்கலாம், ஆனால் அதில் சோடியம் ரொம்பக் குறைவு. அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

அப்போ ட்ரிப்ஸே தேவையில்லையா? அப்படி நான் சொல்லவில்லை.

குழந்தை துவண்டு, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. குடிக்கவே முடியவில்லை. எதைக் கொடுத்தாலும் வாந்தி. கண் உள்ளே போயிருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை. மலத்தில் ரத்தம். வலிப்பு. இதில் ஒன்று இருந்தாலும் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். அங்கே ட்ரிப்ஸ் தேவையா என்று பார்த்து முடிவு செய்வார்கள். தேவைப்படும் பிள்ளைக்கு அதுதான் உயிர். வழியில் குடிக்க முடிகிற பிள்ளைக்கு ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே போங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இரண்டு வார்த்தை. பேதியில் நீர் வற்றும்போது நீங்களும் ஓஆர்எஸ் குடிக்கலாம், சுகரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஆனால் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உடனே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். இன்று நாம் பேசிய கதவின் தம்பி, எஸ்ஜிஎல்டி2, சிறுநீரகத்தில் இருக்கிறான். இந்த மாத்திரைகள் அவனை அடைப்பவை. சர்க்கரை சிறுநீரில் போகும், கூடவே தண்ணீரும் போகும். பேதி நாட்களில் இதைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லுவார்கள். மெட்ஃபார்மின் பற்றியும் கேளுங்கள். இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டாம்.

முடிக்கிறேன்.

இப்போது "பாட்டில் போடுங்க" என்று யாராவது கேட்டால் நான் வாதாடுவதில்லை. "அண்ணா, ஒரு மணி நேரம் இங்கேயே உட்காருங்க. ஒண்ணு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் கொடுங்க. நான் நடுவுல வந்து பார்க்குறேன். முடியலைன்னா நானே பாட்டில் போடுறேன்" என்கிறேன். லாக்கர் கதையையும் சொல்கிறேன். பெரும்பாலும் பாட்டில் தேவைப்படுவதில்லை.

போன மாதம் ஒரு பாட்டி பேரனுக்கு அப்படி ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். பையன் டம்ளரைத் தானே பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தான். சிறுநீரும் போய்விட்டான், பாட்டியின் சேலையிலேயே. பாட்டிக்கு ஒரே சிரிப்பு.

"இந்தப் பவுடர் இன்னும் ரெண்டு குடுங்க டாக்டர், வீட்ல வச்சுக்கிறேன்" என்றார்.

உங்களிடமும் அதையே கேட்கிறேன். இரண்டு பாக்கெட், ஒரு ஸ்பூன், ஒரு லிட்டர் அளவுக்கு ஒரு பாட்டில். இன்றைக்கே எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.



உங்கள் ஊர் அரசு மருத்துவர்